தென்னந்தோப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்: கொங்கிலிருந்து தீவு விடுமுறைக்கு இடம் தேரும் வழி

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகும் வழியில் மனைவி வீட்டாருக்குத் தோப்பு இருக்கிறது. மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்த வருடம், அவரையும் மாமியாரையும் மாலத்தீவுக்கு அழைத்துப் போவதென்று முடிவு செய்தோம். ரிசார்ட்டின் படத்தைச் செல்பேசியில் அப்புச்சியிடம், அதாவது மனைவியின் தாத்தாவிடம், காட்டினேன். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கடலையும் கட்டிலையும் விட்டுவிட்டு ஓரத்தில் நின்ற தென்னைக்குப் போனார். "அடிமட்டை எல்லாம் மஞ்சளித்துக் கிடக்கிறதே மாப்பிள்ளை, பொட்டாஷ் வைக்க மாட்டார்களாக்கும்?" என்றார். ஓர் இரவு வாடகையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் செல்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார்.

அவர் பார்வையில் நியாயம் இருக்கிறது. தீவுச் சொர்க்கம் என்று விற்கப்படுவதில் பாதி நம் தோட்டத்திலேயே சும்மா கிடக்கிறது. தென்னை, வாழை, இளநீர், ஈரக்காற்று, நிமிர்ந்து பார்த்தால் மலை. லண்டன்காரர் இதற்கெல்லாம் பணம் கொடுக்கலாம்; நமக்கு என்ன தலையெழுத்து? கொங்கு நாட்டுக்கு இல்லாதது கடல் ஒன்றுதான். ஓர் அடி கடற்கரைகூடக் கிடையாது. ஆகவே தீவுக்குச் செலவழிக்கும் ரூபாயில் பெரும்பங்கு தண்ணீருக்குப் போகட்டும். கட்டில், குளியல் தொட்டி, நீச்சல் குளத்தில் மிதக்கும் காலை உணவுத் தட்டு எல்லாம் பிறகு.

பெரும்பாலோர் முதலில் ஹோட்டலைப் பிடித்துவிடுகிறார்கள். அது தீவின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. பொள்ளாச்சிக்கும் தாராபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆனி மாதத்தில் ஒன்றில் குடை பிடிக்க வேண்டும், மற்றொன்றில் புழுதி பறக்கும். தீவிலும் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அவ்வளவு வித்தியாசம் உண்டு. மூன்று தீவுப் பயணங்களில் கொஞ்சம் பட்டும், கொஞ்சம் படித்தும் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் காற்றைப் பாருங்கள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பல்லடம், உடுமலைப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காற்றாலைகள் சுற்றுவதே அந்தக் காற்றில்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம்மிடம் வரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மாலத்தீவையும் அந்தமானையும் தாய்லாந்தின் புக்கெட் தீவையும் மேற்கிலிருந்து அடிக்கிறது. தோட்டத்தில் வாழை சாயும் மாதங்களில் அந்தக் கடல்களின் மேற்குக் கரைகள் கொந்தளிக்கும். புக்கெட்டின் மேற்குக் கடற்கரைகளில் மே முதல் அக்டோபர் வரை பல நாள் சிவப்புக் கொடி பறக்கும், இறங்கவே கூடாது.

இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் நம் மாதங்களைத் தீவுகளோடு பொருத்திவிடலாம். தை, மாசி, பங்குனி மாதங்களில் மாலத்தீவு, புக்கெட், அந்தமான் மூன்றும் நன்றாக இருக்கும். வடகிழக்குக் காற்று மெலிந்து, வானம் தெளிந்து, கடல் தட்டில் ஊற்றிய பால்போல் கிடக்கும். தை முகூர்த்தத்தில் மணமான தம்பதிகள் கொடுத்து வைத்தவர்கள். பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் ஏப்ரலிலேயே கிளம்பிவிடுவது நல்லது. மே பாதிக்கு மேல் மாலத்தீவு வானம் மாறத் தொடங்கும்.

ஆனியிலிருந்து புரட்டாசி வரை இரண்டு இடங்களைப் பாருங்கள். பாலித் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8 டிகிரியில் இருப்பதால் அங்கே கணக்கு தலைகீழ்: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், நவம்பர் முதல் மார்ச் வரை மழை. அடுத்தது தாய்லாந்தின் கோ சமுய். அது புக்கெட் இருக்கும் கடலில் இல்லை, கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிறது. தென்மேற்குக் காற்றைப் பெருநிலம் தடுத்துவிடுகிறது. ஒரே நாடு, ஒரே மாதம், ஒரு தீவில் மழை, மற்றொன்றில் வெயில். ஆவணிக் கல்யாணக்காரர்கள் புக்கெட்டுக்கு டிக்கெட் போடும்முன் இதை ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

சிக்கல் ஐப்பசியில்தான். தீபாவளியை ஒட்டித்தான் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நீண்ட விடுமுறை. எல்லோரும் அப்போதுதான் கிளம்ப நினைக்கிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கோ சமுயில் பெருமழை, வங்கக் கடலில் புயல் காலம், மாலத்தீவில் காற்று திசை மாறும் நேரம். தீபாவளி அக்டோபரில் வந்தால் பாலி. நவம்பர் நடுவில் வந்தால் புக்கெட்டில் துணிந்து பார்க்கலாம். இல்லையென்றால் தைக்குத் தள்ளிப்போடுவதே என் கட்சி. மார்கழியில், அதாவது கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, வானிலை நன்றாகவே இருக்கும், விலைதான் ஆகாயத்தில். டிசம்பர் 24, 31 இரவுகளுக்குக் கட்டாய விருந்து என்று பல ரிசார்ட்டுகள் தனிக் கட்டணமும் சேர்க்கும்.

மாலத்தீவில் ஆடி, ஆவணியில் வாடகை நன்றாகக் குறையும். நாள் முழுதும் மழை பெய்துகொண்டே இருக்காது; ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் வரும், இரண்டு நாள் மூடியும் கிடக்கும். சூதாட்டம்தான். ஆனால் அந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்கும் ஒன்று அங்கே உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

படி 2: யாருக்கு நீச்சல் தெரியும் என்று கேளுங்கள், பிறகு எங்கே கற்றார் என்று கேளுங்கள்

நம் பக்கம் நீச்சல் என்றால் கிணறு. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் பங்காளி ஒருவர் மோட்டார் அறை மேலிருந்து கிணற்றில் தலைகீழாகப் பாய்வார். ஊரே வேடிக்கை பார்க்கும். மாலத்தீவில் முதல் நாள் காலையிலேயே முகமூடியை மாட்டிக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டைப் படியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் பவளத்திட்டின் விளிம்புக்குப் போனார். தலையைக் கவிழ்த்து மீன் பார்த்துக்கொண்டே மிதந்தவர் நிமிர்ந்தபோது, அவர் இறங்கிய மரப்படி எங்கோ தூரத்தில் இருந்தது. கையை உயர்த்தி ஆட்டினார். பணியாளர்கள் படகில் போய் ஏற்றி வந்தார்கள். கரையில் உட்கார்ந்து காதில் நீரைத் தட்டிக்கொண்டே, "கிணற்றில் குதித்தால் குதித்த இடத்திலேயே ஏறலாம். இங்கே தண்ணீர் நடக்கிறது" என்றார். இதைவிடச் சுருக்கமாகக் கடல் நீரோட்டத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஆகவே குடும்பத்தில் கடல் பழக்கம் இல்லாதவர் ஒருவர் இருந்தாலும், மணல் தரையுள்ள ஆழமில்லாத லகூன் வேண்டும். லகூன் என்பது பவளத்திட்டு வேலிபோல் சுற்றி நிற்க, உள்ளே அலையில்லாமல் கிடக்கும் கடல். இடுப்பளவு நீரில் ஐம்பது அடி நடக்கலாம். என் மாமனார் அப்படித்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் ஒரு மணி நேரம் நின்றார். காலடியில் குட்டிச் சுறாக்கள் திரிந்ததை இரண்டாம் நாள்தான் கவனித்தார். அவை கடிப்பவை இல்லை என்று அங்கிருந்த பையன் சொன்ன பிறகும் சற்று நேரம் அசையாமலே நின்றார்.

முகமூடி மாட்டி மிதந்தபடி மீன் பார்க்கும் ஸ்நார்க்கலிங் நன்றாக வேண்டுமென்றால் எதிர்மாறாகத் தேட வேண்டும்: பவளத்திட்டு கரையிலிருந்து சில பத்து மீட்டரிலேயே இருந்து, அங்கே தரை சட்டென்று இறங்கும் தீவு. இரண்டும் ஒரே தீவில் அமைவது அரிது. அமைந்தாலும் விலை கூடும். யாருக்காகப் போகிறோம் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் படிக்கட்டுகளை விசாரியுங்கள். குழந்தைகள் இருந்தால் வாட்டர் வில்லா, அதாவது கடல்மேல் தூண் நட்டுக் கட்டிய அறை, வேண்டாம் என்பது என் கட்சி. மேடையில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இருக்காது. குறிப்பிட்ட வயதுக்குக் கீழ் அங்கே தங்கவே அனுமதிக்காத ரிசார்ட்டுகளும் உண்டு. என் மாமியாருக்கோ வேறு தொல்லை. இரவில் பலகை இடுக்கில் கீழே தண்ணீர் மின்னுவது தெரிந்ததும் கட்டிலிலிருந்து இறங்க மறுத்துவிட்டார். மறுநாள் கரையோர வில்லாவுக்கு மாற்றிக் கேட்டோம். அங்கே மண்ணில் கால் வைத்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. அறை மாறியதில் எங்களுக்குப் பணமும் கொஞ்சம் திரும்பியது.

படி 3: செயற்கைக்கோள் படத்தில் கடலைப் படியுங்கள்

ஹோட்டல்காரர் தரும் படங்கள் பெண் பார்க்க வரும்போது உடுத்தும் சேலை மாதிரி. உண்மை நிலவரம் வரைபடச் செயலியில் செயற்கைக்கோள் காட்சியைப் போட்டால் தெரியும். எனக்குத் தெரிந்து பத்துப் பேரில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை.

தீவின் பெயரைத் தட்டிப் பெரிதாக்குங்கள். கரையை ஒட்டி வெளிர் பச்சையும் நீலமும் கலந்து பரவிக் கிடந்தால் அது மணல் லகூன். பழுப்பும் கரும்பச்சையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பவளம் அல்லது கடற்புல். அங்கே வெறுங்காலால் நடக்க முடியாது. திடீரென்று கருநீலமாக மாறும் கோடுதான் விளிம்பு. கரைக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளவுகோலில் பாருங்கள். 30, 40 மீட்டர் என்றால் படகில்லாமல் நீந்திப் போய் மீன் பார்க்கலாம். 500 மீட்டர் என்றால் ஒவ்வொரு முறையும் படகுக்குக் காசு.

அடுத்து, எந்தப் பக்கம் திறந்த கடல், எந்தப் பக்கம் அட்டோலின் உட்கடல் என்று பாருங்கள். அட்டோல் என்பது வளையல்போல் அமைந்த பவளத் தீவுக் கூட்டம். உலகத்துக்கே அந்தச் சொல்லைக் கொடுத்தது மாலத்தீவின் திவேஹி மொழி. வளையத்தின் வெளிவிளிம்பில் உள்ள வில்லாவுக்கு அலைச்சத்தம் உண்டு, உட்பக்கத்தில் அமைதி. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மேற்கு வெளிவிளிம்பில் வாட்டர் வில்லா எடுத்தவர்கள், சூரிய மறைவுக்காகக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு இரவெல்லாம் கட்டிலுக்கடியில் அலை மோதும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாலத்தீவுக் கடற்கரைகளில் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பருவக்காற்று திசை மாறும்போது மணலும் தீவைச் சுற்றி நகரும். ஒரு பருவத்தில் அகன்று கிடந்த கரை அடுத்த பருவத்தில் மணல்மூட்டை அடுக்கிய வரப்பாகிவிடலாம். ஆகவே "இந்த எண்களுக்குள் உள்ள வில்லாக்களின் முன்னால், நாங்கள் வரும் மாதத்தில் மணல் எப்படி இருக்கும்?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். நல்ல ரிசார்ட் நேர்மையாகப் பதில் சொல்லும், சில சமயம் படமும் அனுப்பும். பவளத்தையும் அப்படியே விசாரியுங்கள். 1998இலும் 2016இலும் கடல்நீர் சூடேறி மாலத்தீவுப் பவளங்கள் பெருமளவு வெளுத்து மடிந்தன. பழைய விளம்பரப் படத்தில் உள்ள வண்ணம் இன்று அங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

படி 4: போய்ச் சேரும் வழியும் இடத்தின் ஒரு பகுதி

கொங்கிலிருந்து மாலத்தீவுக்குச் சுலபமான வாசல் கொச்சி. வாளையாறு தாண்டி, குதிரான் சுரங்கம் வழியாகத் திருச்சூர் பிடித்து, கோவையிலிருந்து நான்கு மணி நேரத்தில் நெடும்பாசேரி விமான நிலையம். அங்கிருந்து மாலேவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். வண்டியில் போன நேரத்தைவிடக் குறைவு. பாலி, சமுய் பக்கம் போகிறவர்களுக்குக் கோவையிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது.

மாலேயில் இறங்கிய பிறகுதான் விஷயமே. வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல்களில் உள்ள ரிசார்ட்டுகளுக்கு அதிவேகப் படகு; இரவானாலும் கிடைக்கும். ஆரி, பா, ரா, நூனு, லவியானி போன்ற தொலைவான அட்டோல்களுக்குக் கடல் விமானம். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலை மூன்றரைக்கு மேல் மாலேயில் இறங்கினால் அன்றைக்கு அது கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம்.

முதல் தடவை எங்களுக்கு அது தெரியாது. ஊரில் ஒரு பயண முகவர் பெங்களூரு வழியாக டிக்கெட் போட்டுத் தந்தார். நாலு பத்துக்கு இறங்கினோம். பா அட்டோல் போக வேண்டிய நாங்கள் அன்றிரவு ஹுல்ஹுமாலேயில் ஒரு சிறு விடுதியில் படுத்தோம். ரிசார்ட்டில் முதல் இரவு வாடகை போனது போனதுதான். முகவரிடம் கேட்டேன். "கடல் விமானம் ராத்திரியில் பறக்காது என்று யாருங்க கண்டது?" என்றார். அவரைச் சொல்லிப் பயனில்லை, நான் கேட்டிருக்க வேண்டும்.

கடல் விமானத்தில் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பதுதான் வழக்கம். முறுக்கு டப்பாவை எடை போட்டுப் பார்த்தே எடுத்துப் போங்கள். கட்டணம் போய்வர ஆளுக்குப் பெரும்பாலும் 400 டாலரைத் தாண்டும். நான்கு பேர் என்றால் படகில் போகக்கூடிய தீவில் அந்தப் பணத்துக்கு இன்னும் ஒன்றிரண்டு இரவுகள் தங்கிவிடலாம். ஆனால் மேலிருந்து அந்த வளையங்களை ஒரு தரம் பார்ப்பது வேறு அனுபவம்தான். ஜன்னலில் ஒட்டிய முகத்தை மாமனார் கடைசிவரை எடுக்கவில்லை.

படி 5: பகுதியைப் பிரித்தறியுங்கள்

மாலத்தீவில் தீவுகள் ஏறத்தாழ 1,200. பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். ஆக, அட்டோலைத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்று, நான்கு இரவு மட்டுமே என்றால் வடக்கு, தெற்கு மாலே அட்டோல்கள். விமான நிலையம் பக்கம், இறங்கிய ஒரு மணி நேரத்தில் காலைத் தண்ணீரில் வைக்கலாம். குறை என்னவென்றால், சில தீவுகளிலிருந்து பக்கத்துத் தீவும் படகுப் போக்குவரத்தும் தெரியும். 'உலகத்தில் நாம் மட்டும்' என்ற உணர்வு கிடைக்காது. தெற்கு ஆரியில் திமிங்கலச் சுறாவை ஆண்டு முழுதும் பார்க்க வாய்ப்புண்டு. பேருந்து நீளத்துக்கு வளரும், பல் வைத்துக் கடிக்காத சாதுவான பெரிய மீன்.

நான் சொன்ன ஆடி, ஆவணி விஷயம் பா அட்டோலில் இருக்கிறது. 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. அங்கே ஹனிஃபாரு என்ற சிறு வளைகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை, தென்மேற்குக் காற்று ஒதுக்கித் தள்ளும் மிதவை நுண்ணுயிர்களைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். நம் வீட்டு வாசல் கதவைவிட அகன்ற உடல், வாயைத் திறந்தபடி ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலும். காற்று உருளையோடு மூழ்க அனுமதி இல்லை. மேலே மிதந்து பார்க்க மட்டும். கூட்டம் சேரும் நாள் யார் கையிலும் இல்லை. மூன்று இரவுக்குப் போய் 'வரவில்லை' என்று திட்டாதீர்கள். ஐந்து இரவாவது வேண்டும். இந்த ஒன்றுக்காக மழைக்காலத்தில் மாலத்தீவு போகலாம் என்பேன்.

தெற்குக் கோடி அட்டோல்களுக்கு உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டும். முதல் பயணத்துக்கு அது தேவையில்லை.

ரிசார்ட் வேண்டாம் என்பவர்களுக்கு, 2009க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விடுதிகள் வந்துவிட்டன. அங்கே மது கிடையாது, குட்டை உடைக்குத் தனிக் கடற்கரை. ஆடம்பரம் இல்லை என்றாலும் தொட்டு என்ற தீவை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாலத்தீவுக்கே தர்ப்பூசணியும் பப்பாளியும் விளைவித்து அனுப்பும் தீவு அது. பவள மணலில் வெள்ளாமை எப்படி எடுக்கிறார்கள் என்று அப்புச்சிக்கு இன்றும் ஆவல். அவரை அழைத்துப் போனால் ரிசார்ட்டுக்கு வர மாட்டார், தொட்டுவுக்கு வருவார்.

பாலியில் விஷயம் வேறு. அது ஒரே பெரிய தீவு. தவறான ஊரில் அறை எடுத்தால் விடுமுறை முழுதும் வண்டிக்குள்ளேயே போய்விடும். விமான நிலையத்திலிருந்து உபுத் 35 கிலோமீட்டர்தான், நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். விளம்பரத்தில் வரும் அடுக்கு வயல்கள், காட்டு நடுவே நீச்சல் குளம் எல்லாம் உபுத்தில்தான், கடல் கிடையாது. அங்கே சுபாக் என்ற நீர்ப்பங்கீட்டு முறை யுனெஸ்கோ பட்டியலில் 2012இல் சேர்ந்தது. காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் முறை வைத்து நீர் பாய்ச்சியவர்களுக்கு அது சுவையாக இருக்கும், ஆனால் ஒரு நாள் போதும். கோபிச்செட்டிப்பாளையத்து வயலைப் பார்த்து வளர்ந்தவர் நெல்வயல் பார்த்த அறைக்கு நான்கு இரவு பணம் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடலுக்காகப் போகிற குடும்பத்துக்கு நூசா துவா அல்லது சனூர். இரண்டும் கிழக்குப் பக்கம், பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுகிறது. நூசா துவா வாயில் காவலோடு கூடிய ஹோட்டல் வளாகம். சுத்தம், அமைதி, கொஞ்சம் செயற்கை. சனூரில் கடலோரமாகச் சமதளமான நீண்ட நடைபாதை உண்டு. பெரியவர்களுக்கு அதைவிட வசதி கிடையாது. இரண்டிலும் கடல் உள்வாங்கும் நேரத்தில் நீர் முழங்காலுக்கும் கீழே போய்விடும், ஆகவே அன்றன்றைய நேரத்தை ஹோட்டலில் கேட்டு வையுங்கள். ஜிம்பரான் மாலையில் மணலில் மேசை போட்டு மீன் சுட்டுத் தரும் இடம். உலுவாட்டு செங்குத்துப் பாறை மேல். பார்வை அபாரம், கடலுக்கு இறங்கப் படிகள் ஏராளம். செமின்யாக், சாங்கு (Canggu) இரண்டும் இளவட்டங்களுக்கு. அலை பெரிது, மணல் சாம்பல் நிறம், மழை மாதங்களில் குப்பை கரை ஒதுங்குவதும் அந்த மேற்குப் பக்கத்தில்தான்.

மார்ச்சில் பாலி போகிறவர்கள் நியேபி என்ற மௌனத் திருநாள் என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும், தெருவில் நடக்கவும் கூடாது. மற்ற நாட்களில் ஒவ்வொரு வாசலிலும் குருத்தோலையில் பின்னிய சிறு தட்டில் பூவும் சோறும் வைத்திருப்பார்கள். என் மாமியார் ஒன்றை எடுக்காமல் குனிந்து, பின்னலை மட்டும் நெடுநேரம் பார்த்தார். "நம் தோரணத்தைவிட ஒரு மடிப்பு கூட" என்றார்.

தாய்லாந்தில் தை, மாசிக்குப் புக்கெட். கூச்சலும் கேளிக்கையும் வேண்டாமென்றால் பாத்தோங்கை விட்டுவிட்டு வடக்கே பாங் தாவ், மாய் காவ் பக்கம் பாருங்கள். ஆடி, ஆவணிக்குச் சமுய். குழந்தைகளுக்கு வடகிழக்கு மூலையில் சோங் மொன் வளைகுடா அடக்கமானது.

அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், தமிழ் பேசினாலே போதும். ஹேவ்லாக், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவில், குளிக்க மேற்குப் பக்கத்து ராதாநகர். கிழக்குப் பக்கத்து விஜய்நகரில் கடல் உள்வாங்கினால் பவளக்கல் வெளியே தெரியும், நீந்த முடியாது. இந்திய நேரம்தான் என்றாலும் சூரியன் நமக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே மறைந்துவிடும். மூன்று மணிக்கு உண்டு உறங்கி எழுந்தால் கடற்கரை இருட்டிவிடும்.

படி 6: விலையைக் கூட்டிப் பாருங்கள்

மாலத்தீவு விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் வரி சேர்க்கவில்லை என்று பொருள். 500 டாலர் என்று இருந்தால் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 550. அதன்மேல் 17 சதவீதம் சுற்றுலா வரி சேர்ந்து 643.50. இது போக ஆளுக்கு இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. இரண்டு பேர், நான்கு இரவு என்றால் 96 டாலர். கடல் விமானக் கட்டணம் தனி. இந்தக் கூட்டலைப் போட்ட பிறகே இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிடுங்கள். ஊர் முகவரிடம் வெளிநாட்டுத் தொகுப்பு வாங்கினால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள். சான்றை வாங்கி வைத்துக்கொண்டால் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ரிசார்ட் தீவில் பெட்டிக்கடை இருக்காது; குடிநீர்ப் புட்டிக்குக்கூட ரசீது வரும். ஆகவே மூன்று வேளை உணவும் சேர்ந்த திட்டம் நமக்கு லாபம். சைவக்காரர்களும் புரட்டாசிச் சனிக்கிழமை விடாதவர்களும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். மாலத்தீவுக் காலை உணவான மாஸ் ஹுனி பார்வைக்குத் தேங்காய்த் துருவல் பொரியல் மாதிரியே இருக்கும். உள்ளே சூரை மீன். நாம் மாசி என்று சொல்லும் கருவாடும் அங்கிருந்து வந்ததுதான், பல துவையல்களில் இருக்கும். பாலியில் சம்பலில் இறால் விழுது. பருப்புப் பொடியும் ஊறுகாயும் கைகொடுக்கும்.

மாலத்தீவுக்கு மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது; வழிபாட்டுச் சிலைகளும் தடைப் பட்டியலில் உண்டு. மாமியார் கைப்பையில் எப்போதும் இருக்கும் சின்ன முருகன் சிலையை நெடும்பாசேரியில் வண்டியோட்டி வந்த தம்பியிடம் கொடுத்தனுப்பினோம். நாலு நாளும் அவர் வீட்டில்தான் முருகனுக்குப் பூ.

பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவின் இமுகா என்ற பயணிகள் விவரப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசின் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் பக்கம் போலி. தாய்லாந்துக்கும் 2025 மே முதல் மின்னணு வருகை அட்டை உண்டு. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இனிஷியலை மட்டும் வைத்துக் காலம் தள்ளிய நம் பெரியவர்களின் பெயர், பாஸ்போர்ட்டில் எப்படி விரிந்திருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். என் மாமனாரின் டிக்கெட்டில் அவர் அப்பா பெயர்தான் முதலில் வந்திருந்தது. கொச்சி கவுண்டரில் அந்தப் பெண் அதைச் சத்தமாகக் கூப்பிட்டபோது, இறந்து பல வருடமான தன் அய்யனைத் தேடி அவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்.